சுருளுக்கும் ஓர் உறையா?

தமிழர் வீட்டில் உறையில்லாத பொருள் அரிது. புது வகுப்புத் தொடங்கியதும் பிள்ளையின் புத்தகங்களுக்குப் பழுப்புத் தாளில் உறை போடுகிறோம். தலையணைக்கு உறை, குடைக்கு உறை, தையல் இயந்திரத்துக்கு மரப்பெட்டி. பாட்டன்மார் காலத்து வானொலிப் பெட்டிக்குப் பூவேலை செய்த துணி போர்த்தினோம். இக்காலத்துத் தொலைக்காட்சியின் 'றிமோட்'டுக்குப் பொலித்தீன் சுற்றுகிறோம். புதிதாக வாங்கிய கதிரையின் பொலித்தீனைக் கழற்ற மனமின்றிப் பத்து வருடம் அதன்மேல் வியர்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும் குடும்பங்களையும் நாம் அறிவோம்.

இவற்றையெல்லாம் நகைப்புக்குரியன என்று தள்ளிவிடுதல் நன்றன்று. உழைத்துத் தேடிய பொருள் கெடாதிருக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லறத்தாருக்கு அழகே. ஆயினும் உறையானது பொருளைக் காக்கின்றதா, அன்றிப் பொருளின் பயனைக் கெடுக்கின்றதா என்று இடையிடையே கேட்டுப் பார்த்தல் வேண்டும். அத்தகைய கேள்வியொன்று, நாம் சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து எம்மிடம் வந்து சேர்ந்தது.

எம் தமக்கையாரின் கணவர் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிற் கணக்காளராக நெடுங்காலம் உழைத்து இளைப்பாறியவர். பிள்ளைகள் மணமாகித் தனித்தனியே குடியேறிய பின்னர் அவருக்கு இருதயத்திற் சத்திரசிகிச்சை ஒன்று நடைபெற்றது. தினமும் ஒரு மணி நேரம் நடக்குமாறு வைத்தியர் கட்டளையிட்டார். "காரியமில்லாமல் நடந்து திரியிறதுக்கு நான் என்ன கட்டாக்காலி மாடே?" என்பதே அத்தானின் மறுமொழி. தமக்கையார் கெஞ்சினார், பிள்ளைகள் கோபித்தனர், பயனில்லை. இந்நிலையில், வடமராட்சியைச் சேர்ந்த இளைப்பாறிய பொறியியலாளராகிய நண்பர் ஒருவர் அவரைத் தங்க வயலுக்கு அழைத்துச் சென்றார். சென்ற முதல் நாளே அத்தான் காலை முதல் மாலை வரை நடந்தார். அடுத்த கிழமையே தமக்கென்று ஓர் உலோகந் தேடுங் கருவி வாங்கிவிட்டார். மருந்தும் மன்றாட்டும் செய்யாததை அந்தக் கருவி செய்தது.

தங்க வயல் என்றதும் வாசகர்கள் பொன் விளையும் பூமியைக் கற்பனை செய்துவிடக் கூடாது. மெல்பேணிலிருந்து வடமேற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட மோட்டார்ப் பயணத்தில் உள்ள வறண்ட காட்டு நிலம் அது. 1851-ஆம் ஆண்டில் விக்ரோறியாவிற் பொன் உண்டு என்ற செய்தி பரவ, உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அங்கே திரண்டனர். 1869-ஆம் ஆண்டில் மொலியாகுல் என்னுமிடத்தில், நிலத்தின் மேற்பரப்பிலிருந்து சில சென்ரிமீற்றர் ஆழத்தில், எழுபது கிலோகிராமுக்கு மேற்பட்ட தங்கக் கட்டியொன்று அகப்பட்டது. 1980-ஆம் ஆண்டில் கிங்கவர் என்னும் ஊருக்கு அருகே ஒருவர் உலோகந் தேடுங் கருவியைக் கொண்டு சுமார் 27 கிலோகிராம் நிறையுள்ள கட்டியொன்றைக் கண்டெடுத்தார். இக்கதைகளை நம்பி இன்றும் பலர் அங்கே செல்கின்றனர். அரசாங்கத்திடம் உரிமைச் சீட்டுப் பெற வேண்டும். தோண்டிய குழியை மூடிவிட வேண்டும். பெரும்பாலும் அகப்படுவன பழைய ஆணி, துப்பாக்கி ரவை, தகரத் துண்டு என்பனவே. நெல்மணியளவு பொன் கிடைத்தால் அன்று திருவிழா.

கருவியைக் கண்டிராத மாணவருக்காக அதன் உருவத்தையும் சொல்லிவிடுவோம். நீண்ட தண்டு ஒன்று. அதன் மேல் முனையிற் கைப்பிடியும் சிறு பெட்டியும். கீழ் முனையில் உணவுத் தட்டம் போன்ற வட்டமான பகுதி. அந்தத் தட்டத்தினுள்ளே செப்புக் கம்பிச் சுருள்கள் உள்ளன. கருவியின் கண்ணும் காதும் அவையே. நிலத்தோடு ஒட்டினாற்போல் இதனை இடமும் வலமும் வீசிக்கொண்டு நடக்க வேண்டும். கூழாங்கல், முட்செடி, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஆகியவற்றில் எல்லாம் தட்டத்தின் அடிப்புறம் உராய்கின்றது. அதற்காகவே பிளாஸ்ரிக்கினாற் செய்த மெல்லிய உறையொன்றை அடியிற் பொருத்துகின்றனர். உறையின் விலை சுருளின் விலையிற் சிறு பங்கே.

அத்தான் உறை பூட்டியவர். நண்பரோ உறையை ஆகாதென்று வீசியவர். "உறை போட்டுத் தேடுறவன் கண்ணுக்குத் துணி கட்டிக்கொண்டு ஊசி தேடுறவன்" என்பார் நண்பர். "உம்மட சுருள் தேய்ஞ்சு கம்பி வெளியில வரேக்கை தெரியும்" என்பார் அத்தான். இரு முதியவர்களின் விவாதம் தொலைபேசி வழியாக யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. "தம்பி, நீர்தானே விஞ்ஞானம் படிப்பிக்கிறனீர். உறை வேணுமோ, வேண்டாமோ? நீர் சொல்லும், கேக்கிறம்" என்றார் அத்தான். காணாத பொருளைப் பற்றித் தீர்ப்புக் கூற நாம் விரும்பவில்லை. 2024-ஆம் ஆண்டு டிசெம்பர் விடுமுறையில் தமக்கையாரைப் பார்க்கச் சென்றபோது, அந்த வழக்கைக் களத்திலேயே விசாரிக்க நேர்ந்தது.

அங்கே அது கோடை காலம். விடியுமுன் புறப்பட்டு, வெயிலேறுமுன் வயலை அடைந்தோம். நிலம் நமது யாழ்ப்பாணத்துச் செம்மண்ணைப் போற் சிவந்து, பொடிப்பொடியாக இருந்தது. நண்பர் ஒரு பக்கம் சென்றார். நாம் அத்தானோடு நடந்தோம். அரைமணி நேரத்துக்குள் கருவி ஒலிக்கத் தொடங்கியது. தோண்டினோம், ஒன்றுமில்லை. நாலடி சென்றதும் மீண்டும் ஒலித்தது, தோண்டினோம், அங்கும் ஒன்றுமில்லை. இவ்வாறு பதினெட்டுக் குழிகள் தோண்டி மூடிய பின்னர் அத்தான் மரநிழலில் அமர்ந்துவிட்டார். முகம் வாடிப்போயிருந்தது. "இது இரண்டு மாதமாய் இப்படித்தான் பொய் சொல்லுது, தம்பி. விக்கப் போறன். எனக்கு இந்த நடையும் வேண்டாம், பொன்னும் வேண்டாம்" என்றார்.

கருவியை விற்றால் அத்தான் மறுபடியும் சாய்மனைக் கதிரைக்குத் திரும்பிவிடுவார் என்பது எமக்குத் தெரியும். புறப்படும்போது தமக்கையார் வாசலில் நின்று, "அவர் சலிச்சுப் போனார் போலை கிடக்குது. எப்படியாவது அந்தச் சாமானைத் திருத்திக் குடு" என்று சொன்ன வார்த்தையும் நினைவில் இருந்தது. அவருடைய கவலை பொன்னைப் பற்றியதன்று.

நண்பர் வந்தார். கருவியை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். உறையின் விளிம்பைச் சுற்றி நாடாவினால் இறுக ஒட்டியிருந்தது. மண் உள்ளே போகாதிருக்க வேண்டும் என்று கருவி வாங்கிய நாளன்றே அத்தான் ஒட்டியது அது. நாடா ஓரிடத்தில் விரலளவு விலகியிருந்தது. உறையை உரித்ததும், ஒரு சிறங்கை செம்பொடி நிலத்திற் கொட்டியது. பொடியினிடையே துருப்பிடித்த கம்பித் துணுக்கு ஒன்றும், மிளகளவான இரும்புக் கற்கள் சிலவும் கிடந்தன. நண்பர் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். உறையைக் காட்டுக்குள் எறியக் கை ஓங்கினார். அதனை வாங்கி எம் பையில் வைத்துக்கொண்டோம். உறையில்லாமல் அத்தான் மீண்டும் தேடத் தொடங்கினார். பொய்யொலி நின்றது. ஆனால் வேறொன்றை அவதானித்தோம். சுருள் கீறுபட்டுவிடும் என்ற அச்சத்தினால் அவர் அதனை நிலத்திலிருந்து இரண்டு சென்ரிமீற்றரளவு உயர்த்தியே வீசினார். நண்பரும் அவ்வாறே உயர்த்தி வீசுவதைக் கண்டோம். உறை வேண்டாம் என்று வாதிட்டவரின் கையும் அஞ்சிக்கொண்டே இருந்தது.

மறுநாள் மாலை, வீட்டின் பின்புறத்தில் ஒரு பிளாஸ்ரிக் மேசை போட்டுச் சோதனை செய்தோம். சோதனையைச் சொல்லுமுன் கருவியின் தத்துவத்தைச் சுருக்கமாக விளக்குவோம். சுருளிற் செல்லும் மின்னோட்டம் மாறிக்கொண்டிருப்பதால் அதனைச் சூழ மாறுங் காந்தப்புலம் தோன்றுகின்றது. அப்புலம் நிலத்துட் சென்று ஓர் உலோகத்தைத் தொடும்போது, அவ்வுலோகத்திற் சுழியோட்டங்கள் பிறக்கின்றன. அவ்வோட்டங்கள் தமக்குரிய சிறு காந்தப்புலத்தைத் தோற்றுவிக்க, அதனைச் சுருள் உணர்ந்து ஒலியாக்குகின்றது. பிளாஸ்ரிக் மின்னைக் கடத்தாது, காந்தப்புலத்தையும் தடுக்காது. ஆகவே சுத்தமான உறை கருவியின் கண்ணுக்குக் கட்டிய துணியன்று. துலக்கிய கண்ணாடி போன்றதே. மேலும், நாம் சுருள் என்று காணும் தட்டமே கம்பிக்கு ஓர் உறைதான். கம்பியைப் பிளாஸ்ரிக் கூட்டினுள் வைத்துப் பிசின் வார்த்துத்தான் செய்கின்றனர். எனவே உறைமேல் உறை வேண்டுமா என்பதே உண்மையான கேள்வி.

ஒரு டொலர் நாணயத்தை மரக்கோல் ஒன்றின் நுனியில் ஒட்டி, சுருளின் எதிரே மெல்ல மெல்ல அகற்றினோம். உறையோடும் உறையில்லாமலும் ஒலி மறையும் தூரத்தைக் குறித்தோம். காதுக்கு வேறுபாடு தெரியவில்லை. பின்னர் உறையினுள் ஒரு தேக்கரண்டி செம்பொடியைத் தூவி, அந்த இரும்புக் கற்களையும் போட்டு, பூட்டி வீசினோம். நாணயம் எதுவுமின்றியே கருவி அலறியது.

காரணம் எளிது. செம்மண்ணில் இரும்பின் சேர்மங்கள் உண்டு. எம் நாட்டிற் புல்மோட்டைக் கடற்கரைக்குக் காந்தத்தோடு போனவர்கள், அங்குள்ள கருமணல் காந்தத்தில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பர். அவ்வாறான கனிப்பொருள் நிறைந்த நிலமும் சுருளுக்கு மறுமொழி கூறும். நிலத்தின் குரல் ஒரே சீராக இருப்பதால், கருவி அதனைப் பழகிக்கொண்டு ஒதுக்கிவிடும். அதற்கென்று ஓர் ஒழுங்கும் கருவியில் உண்டு. ஆனால் உறையினுள் அகப்பட்ட பொடி ஒவ்வொரு வீச்சிலும் இடம் மாறுகின்றது. அதுவும் சுருளின் முகத்துக்கு நேரே, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தூரத்தில். மாறிக்கொண்டிருப்பதைக் கருவி ஒதுக்க மாட்டாது. கடற்கரையில் உப்புநீர் உட்புகுந்து அலையும்போதும் இதே தொல்லை நேரும்.

இனி, உறை சுருளை நிலத்திலிருந்து உயர்த்துவதால் வரும் நட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தோம். மேல்வகுப்பு மாணவரும் இதனைச் செய்து பார்க்கலாம். வட்டச் சுருளின் அச்சில் காந்தப்புலம் தூரத்தோடு எவ்வாறு குறையும் என்ற சூத்திரம் பாடப்புத்தகத்தில் உண்டு. புலம் போகும் வழியில் ஒரு முறையும், மறுமொழி திரும்பும் வழியில் ஒரு முறையும் குறைகின்றது என்று கொள்ளல் வேண்டும். சுருளின் ஆரை 14 சென்ரிமீற்றர். பொருள் கிடக்கும் ஆழம் 25 சென்ரிமீற்றர். உறையின் தடிப்பை 3 மில்லிமீற்றர் என்று கொண்டால், ஒலியின் வலிமையில் நூற்றுக்கு ஐந்தளவே குறைகின்றது. உறையில்லாத மனிதர் அச்சத்தினால் 2 சென்ரிமீற்றர் உயர்த்திப் பிடித்தாலோ, நூற்றுக்கு முப்பது குறைகின்றது. அத்தானும் நண்பரும் வாதிட்டது ஐந்தைப் பற்றி. அவர்கள் இருவரும் இழந்தது முப்பதை.

நிறையையும் மறக்கலாகாது. சமையலறைத் தராசில் உறை 140 கிராம் நின்றது. அற்பம் என்று தோன்றும். ஆனால் அது தண்டின் நுனியில், முழங்கையிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் தொங்குகின்றது. நெம்புகோல் விதிப்படி அது, பத்து சென்ரிமீற்றர் தூரத்திற் கட்டிய 1.4 கிலோகிராமுக்குச் சமம். மணிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் வீசும் கைக்கு, அதுவும் முதியவரின் கைக்கு, அது தெரியவே செய்யும்.

இவ்வளவையும் சீர்தூக்கி நாம் கூறிய தீர்ப்பு இது. கல்லும் கட்டையும் நிறைந்த தங்க வயலில் உறை வேண்டும். அது சுருளைக் காக்கின்றது என்பதற்காக மட்டுமன்று. அச்சமின்றி நிலத்தோடு நிலமாகத் தேடும் துணிவைக் கைக்குத் தருகின்றது என்பதற்காகவே. மணலும் உப்புநீருமாகிய கடற்கரையில் உறையைக் கழற்றிவிடல் நலம். அங்கே கீறும் கல் குறைவு, உட்புகும் பொருள் அதிகம். எங்கேயாயினும், நாடா ஒட்டி மூடி வைத்துவிட்டு மறந்து போவதற்கு உறை ஏற்றதன்று. மதியம் சோற்றுப் பொதியைத் திறக்கும்போது உறையையும் திறக்க வேண்டும். தட்டித் துடைத்து, ஈரமிருந்தால் உலர்த்தி, மறுபடி பூட்ட வேண்டும்.

"அப்ப ரெண்டு பேரும் பாதி வெண்டிட்டம்" என்றார் நண்பர். அத்தான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை வயலுக்குப் போனபோது சட்டைப் பையில் ஒரு பழைய பல்துலக்குந் தூரிகையைச் செருகியிருந்தார்.

இந்தக் கருவியின் வரலாற்றிலேயே இதற்கொத்த துயரமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1881-ஆம் ஆண்டு யூலை 2-ஆம் திகதி அமெரிக்க சனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்ட் சுடப்பட்டார். குண்டு உடலினுள் எங்கே தங்கியது என்று வைத்தியர்களாற் கண்டறிய முடியவில்லை. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தொலைபேசியை உலகுக்கு அளித்த அலெக்சாந்தர் கிரகாம் பெல், உலோகத்தைக் கண்டறியும் கருவியொன்றை அவசரமாக அமைத்துக்கொண்டு வெள்ளை மாளிகைக்குச் சென்றார். வெளியே பிழையின்றி இயங்கிய கருவி, சனாதிபதியின் படுக்கையருகே தெளிவற்ற ஒலியே தந்தது. அவர் படுத்திருந்த மெத்தையின் கீழே உருக்குக் கம்பிகள் இருந்தன. குண்டு வலப்பக்கத்தில் இருக்கின்றது என்று நம்பிய பிரதம வைத்தியர், அப்பக்கத்தை மட்டுமே தேட இடங்கொடுத்தார். செப்டெம்பர் 19-ஆம் திகதி சனாதிபதி காலமானார். குண்டு இடப்பக்கத்தில் இருந்தமை பின்னரே தெரிந்தது. நோயாளியின் சுகத்துக்காக இட்ட மெத்தையையும், வைத்தியரின் நிச்சயத்தையும் ஒருமுறை அகற்றிப் பார்த்திருந்தால், பெல்லின் கருவிக்கு ஒரு நியாயமான சந்தர்ப்பமாவது கிடைத்திருக்கும்.

ஊருக்குத் திரும்பிய பின்னர், இந்தத் தங்க வயற் கதையை நண்பர் பலருக்கும் சொல்லிச் சிரித்தோம். ஒருவர் மாத்திரம் சிரிக்கவில்லை. அவர் எம்மிடம் முன்னர் படித்த மாணவி. இப்போது மிதிவெடி அகற்றும் பணியில் உள்ளவர். 2009-ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்தது. ஆனால் போர் விதைத்தவை நிலத்துக்குள் இருந்தன. முகமாலை போன்ற முன்னரங்க நிலங்களிற் காலடி வைக்க அஞ்சி, பல குடும்பங்கள் தம் காணியை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தன. 2017 டிசெம்பரில் இலங்கை மிதிவெடிகளைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கையிற் சேர்ந்தது. அந்நிலங்களை முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகத் தேடி மீட்டவர்களுட் பெண்கள் பலர். அவர்களுள்ளும் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர்.

எம் கதையைக் கேட்ட அம்மாணவி சொன்னார்: "சேர், எங்கட கருவி பிழையாய்ச் சத்தம் போட்டால் நேரம் போகும். போட வேண்டிய இடத்திலை போடாமல் விட்டால் கால் போகும்." பொய்யொலி ஒவ்வொன்றையும் உண்மையான மிதிவெடி என்றே கருதி, முறைப்படி மெல்ல மெல்ல அகழ வேண்டும், சோம்பல் கூடாது, எரிச்சல் கூடாது. சில மிதிவெடிகளில் உலோகம் மிகச் சிறிதளவே இருப்பதால், கருவியின் உணர்திறன் கடுகளவும் குறையலாகாது. ஆதலால் தினமும் காலையில், நிலத்துட் செல்லுமுன்னர், குறித்த ஆழத்தில் வைத்த மாதிரித் துண்டொன்றின் மேல் கருவியை வீசிப் பார்ப்பார்களாம். ஒலிக்க வேண்டியபடி ஒலித்தால் உள்ளே போகும். இல்லையேல் அன்று அது போகாது. "நேற்று வேலை செய்தது எண்டு ஒரு நாளும் நம்புறேல்லை, சேர். உள்ளுக்கு எப்பிடிக் கொண்டு போறமோ, அப்பிடியே வைச்சுத்தான் பாப்பம். பாத்த பிறகு ஒண்டையும் பூட்டவும் மாட்டம், கழட்டவும் மாட்டம்."

அந்த வார்த்தைகளைக் கேட்டபின், எம் தீர்ப்போடு மற்றொரு விதியையும் சேர்த்து அத்தானுக்கு எழுதினோம். உறை பூட்டித் தேடுவதானால், உறை பூட்டிய நிலையிலேயே கருவியை நிலத்துக்கு இசைவாக்க வேண்டும். ஒரு சிறு ஈயக் குண்டைப் புதைத்து, உறையோடேயே சோதிக்க வேண்டும். வீட்டில் உறையின்றிச் சோதித்துவிட்டு, வயலில் உறையோடு நம்புதல் சோதனையாகாது.

உறையைத் திறந்து பார்க்கும் வழக்கம் எமக்குப் புதியதன்று. பனையோலை ஏடுகளை நம் முன்னோர் மரச்சட்டங்களுக்கிடையே வைத்துக் கட்டி, துணியிற் சுற்றிப் பேணினர். ஆண்டுதோறும் அவிழ்த்துத் தூசி தட்டி, எண்ணெய் பூசிய வீடுகளில் ஏடு தலைமுறை தலைமுறையாக நின்றது. அவிழ்க்காது பரணில் வைத்துப் பூசித்த வீடுகளிற் கறையான் உண்டது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் (1832–1901) பழைய நூல்களைத் தேடி அச்சேற்றத் தலைப்பட்டபோது, கையில் எடுத்த ஏடுகள் பொடிந்து உதிர்வதைக் கண்டு வருந்தினார். அவற்றுட் பலவற்றுக்குத் துணியும் சட்டமும் குறைவின்றியே இருந்திருக்கும். அவிழ்த்துப் பார்க்கும் கைதான் இல்லாதுபோயிற்று.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெற்றோர் போட்டுத் தந்த புத்தக உறையைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. உறையுள்ள புத்தகம் அழகாயிருக்கின்றது என்பதற்காக அதனைத் திறவாமலே வைத்திருத்தல் வேண்டாம். பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைக் காக்க நீங்கள் போடும் கட்டுப்பாடுகளும் உறை போன்றவையே. போடும்போது அவை நல்லவை. உள்ளே என்ன புகுந்திருக்கின்றது, எது உறுத்துகின்றது என்று இடையிடையே அருகிருந்து கேட்டுப் பார்க்காவிட்டால், பிள்ளை ஏன் காரணமின்றிச் சினக்கின்றான் என்று அத்தான் கருவியை நொந்துகொண்டது போல நொந்துகொண்டிருப்பீர்கள்.

அத்தான் கருவியை விற்கவில்லை. கிழமைக்கு இரண்டு முறை வயலுக்குப் போகின்றார். மற்ற நாட்களில், கைப் பயிற்சி வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, வீட்டருகே உள்ள பூங்காவைச் சுற்றி நடக்கின்றாராம். இதுவரை அவர் சேர்த்த பொன் ஒரு மூக்குத்திக்கும் போதாது. தமக்கையாரோ அதற்காக ஒரு சிறு போத்தலை ஒதுக்கி, மூடியிட்டு, சாமிப் படத்தின் அருகே வைத்திருக்கின்றார். கிழமைதோறும் அந்த மூடியைத் திறந்து பார்க்கின்றார் என்றும் அறிகின்றோம்.